குளிர் மறக்காத கல்

வில்கர்ரா என்ற கடலோர ஊரில் அந்த வாரம் ரொட்டி தீர்ந்துவிட்டது. டார்ச் பாட்டரி தீர்ந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் 'இருப்பு இல்லை' பலகை மாட்டிவிட்டார்கள். கல் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. உள்ளங்கை அளவு நீலக் கல், விலை அறுபது டாலர். புயல் வருகிறது என்று வானொலி சொன்னதுதான் தாமதம், கிளப் வாசலில் வரிசை நின்றுவிட்டது. கரும்புத் தோட்டக்காரர்கள், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித்தரும் ஆசிரியை. எல்லாரும் படித்தவர்கள்தான். அவரவர் படிப்பை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

கல்லை விற்றவர் ஸ்கை. வெள்ளை லினன் சட்டை, வெறுங்கால், தோளில் புரளும் முடி. மூன்று வருடத்துக்கு முன் தெற்கிலிருந்து வந்து இறங்கியபோது அவருடைய பெயர் டேரில். அந்தப் பெயரில் கல் விற்க முடியாதல்லவா?

கல்லுக்குக் குளிர் ஞாபகம் இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஃப்ரீசர் மூடிமேல் ஒட்டிவிட்டால் போதும். கரண்ட் போனாலும் கல் தன் ஞாபகத்திலிருந்து குளிரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். நிபந்தனை இரண்டுதான். கரண்ட் இல்லாதபோது மூடியைத் திறக்கக் கூடாது. கரண்ட் வந்த பிறகும் இரண்டு முழு நாள் திறக்கக் கூடாது, கல் களைத்துப்போயிருக்கும்.

போன வருடப் புயலிலேயே இது நிரூபணமாகிவிட்டது. ஆறு நாள் கரண்ட் இல்லை. வந்து இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மீனும் கறியும் பாறை மாதிரி இருந்தன. ஊரே வாயைப் பிளந்தது. அடுத்த வாரம் பாதி ஊர் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. தபால்கார வெர்ன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தார். ஸ்கையிடம் போய்க் கேட்டார்கள். "உள்ள இருந்த பழைய நஞ்செல்லாம் வெளிய போகுது, சந்தோஷப்படுங்க" என்றார். சந்தோஷப்பட்டார்கள்.

நொரீன் இந்த முறை மூன்று கல் வாங்கினாள். காரணம் இருந்தது. கார் நிறுத்தும் கொட்டகையில் இருந்த அவளுடைய பெரிய ஃப்ரீசரில் நாற்பது கிலோ இறாலும் ஒரு கூடை நண்டும் இருந்தன. அடுத்த வாரம் சனிக்கிழமை மகள் டீகனுக்குக் கல்யாணம், நூற்றிருபது பேருக்கு விருந்து. மெல்போர்னிலிருந்து வரப்போகும் சம்பந்தியம்மாள், "உங்க ஊர்ல சாப்பாடெல்லாம் எப்படி?" என்று போனில் ஒரு மாதிரி இழுத்துக் கேட்டிருந்தாள். அந்த இழுப்புக்குப் பதில் சொல்லத்தான் நாற்பது கிலோ.

நொரீனின் கணவன் க்ளாரி இருபது வருடம் இறால் படகில் சமையல்காரனாக இருந்தவன். கல்லைப் பார்த்தாலே முகம் சுளிப்பான். ஆனால் மூன்று கல் வாங்கிய மரியாதைக்காக ஸ்கையே வீட்டுக்கு வந்து ஒட்டியபோது, க்ளாரி ஒரு காரியம் செய்தான். ஃப்ரீசருக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டம்ளரை எடுத்தான். அதில் பாதிவரை தண்ணீர் உறைந்து கெட்டியாக இருந்தது.

"ஸ்கை, ஐஸ் மேல ஒரு காசு உங்க கையாலயே வைங்க. பொண்ணு கல்யாணம் பாருங்க, ராசியா இருக்கட்டும்."

நொரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது! ஸ்கைக்கும் உச்சி குளிர்ந்தது. ஐம்பது சென்ட் காசு ஒன்றை வாங்கி, சாவி முனையால் தன் முத்திரையான சுழியைக் கீறி, கண்மூடி முணுமுணுத்து, ஐஸின் தலைமேல் வைத்தார். வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். க்ளாரி டம்ளரை இறாலுக்குப் பக்கத்தில் சொருகி மூடியைச் சாத்தினான்.

புயல் வந்தது, போனது, கரண்டையும் கையோடு கொண்டுபோனது. ஊர் கேஸ் அடுப்பில் தேநீர் போட்டது, காரில் போன் சார்ஜ் செய்தது, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வராந்தாவில் படுத்தது. அப்படி ஒரு புழுக்கம்.

இரண்டாம் நாள் க்ளாரி சொல்லிப் பார்த்தான். "நொரீன், பக்கத்து ஊர்ல ஐஸ் கட்டி வந்திருக்காம். வாங்கிப் போட்டா இறாலாவது மிஞ்சும்."

"திறந்தா கல்லோட சக்தி போயிடும். உன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

மூன்றாம் நாள் ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் தேங்கியது. நொரீன் ஓட்டமும் நடையுமாக ஸ்கை வீட்டுக்குப் போனாள்.

"கல்லு வேர்க்குது. கடுமையா உழைக்குதுன்னு அர்த்தம்" என்றார் ஸ்கை. எலுமிச்சைச் சாறு கொடுத்தார். டம்ளரில் ஐஸ் கட்டிகள் கிணுகிணுத்தன. வீட்டுக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த ரீங்காரம் ஒன்று விடாமல் கேட்டது.

"அது என்ன சத்தம்?"

"பூமியோட மூச்சு. எல்லார் காதுக்கும் கேக்காது."

தன் காதுக்குக் கேட்டதே என்ற பெருமையில் நொரீன் வீடு திரும்பினாள். பூமியின் மூச்சில் லேசாக டீசல் வாடை அடித்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை விடிகாலை, கரண்ட் வந்தது. வியாழக்கிழமை காலை கொட்டகையில் நிற்க இடமில்லை. கல்யாண வீட்டு ஃப்ரீசரைத் திறப்பதுதான் சரியான விளம்பரம் என்று ஸ்கை ஊரையே கூட்டியிருந்தார். பக்கத்திலேயே ஒரு பெட்டி நிறையப் பெரிய கல், கடைக்காரர்களுக்கு விற்க. மூடி திறந்தது. ஒரு பை இறாலை எடுத்துச் சிமென்ட் தரையில் போட்டார். டொம் என்று விழுந்தது.

"கல்லு மாதிரி!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு பெரில். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நொரீன் அழுதே விட்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றான் க்ளாரி. கையை உள்ளே விட்டு டம்ளரை எடுத்தான். தூக்கிப் பிடித்தான். "காசு எங்க?"

ஐஸின் தலை மொட்டையாக இருந்தது.

"யாராவது எடுத்திருப்பாங்க" என்றார் ஸ்கை.

க்ளாரி டம்ளரைத் தலைகீழாகத் திருப்பினான். அடிப்பாகத்தில், ஐஸுக்குக் கீழே, சுழி போட்ட ஐம்பது சென்ட் பளபளவென்று இருந்தது.

"மேல வெச்சது நீங்க. கெட்டி ஐஸ்ல காசு கீழ இறங்குமா? ஐஸ் தண்ணியாகணும், காசு முங்கணும், கரண்ட் வந்ததும் தண்ணி திரும்ப உறையணும். ஐஸே உருகியிருந்தா பக்கத்துல இருந்த இறால் மட்டும் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு? அழுகிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு நாள் திறக்காதேன்னு சொன்னது கல்லு களைப்பாறவா? இந்த அழுகல் உறையவா?"

விஞ்ஞான ஆசிரியை தன் செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

"உங்க சந்தேகத்தோட கனம்தான் காசை அமுக்கிடுச்சு" என்றார் ஸ்கை.

"சரி. நாலு இறால் வேகவெச்சுத் தரேன். எல்லார் முன்னாடியும் சாப்பிடுங்க."

"நான் சைவம்."

வெர்ன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "போன மாசம் கிளப்ல என் பக்கத்துல உக்காந்து அவ்ளோ பெரிய மாட்டுக்கறித் துண்டைத் தின்னது யாருய்யா? அப்போ, போன வருஷம் நான் மூணு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தது நஞ்சு வெளிய போனதால இல்ல. நீ உள்ள அனுப்பினதால!"

நொரீன் தரையில் கிடந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றிருபது பேர். குழந்தைகள். அவள் மகள். இந்தக் கையால் பரிமாறியிருப்பாளே! பயம் போய்க் கோபம் வந்தது. கோபத்தோடு, ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த மூளையும் வந்தது.

"அன்னைக்கு எனக்கு ஐஸ் போட்டுக் குடுத்தியே, அந்த ஐஸ் எங்கிருந்து வந்துச்சு?"

ஸ்கை பெட்டியை மூடத் தொடங்கினார். கூட்டம் அவருக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. கொல்லையில் பழைய போர்வைகள் போர்த்தி ஒரு டீசல் ஜெனரேட்டர். பூமி அதன் வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு வயர் ஸ்கையின் ஃப்ரீசருக்குப் போனது. அந்த ஃப்ரீசர் மூடிமேல் ஒரு கல்கூட இல்லை.

மறுநாள் காலையில் ஸ்கையும் இல்லை, அவர் வேனும் இல்லை.

நாற்பது கிலோ இறாலையும் நொரீனே குழி தோண்டிப் புதைத்தாள். யாரையும் மண்வெட்டி தொடவிடவில்லை. சனிக்கிழமை விருந்தில் அன்று காலை வாங்கிய சாஸேஜும் ரொட்டியும் வெங்காய வதக்கலும்தான். க்ளாரி நெருப்புக்கு முன்னால் நின்று சுட்டுத் தள்ளினான். சம்பந்தியம்மாள் மூன்று தின்றாள். ஒருவருக்கும் வயிறு போகவில்லை. நொரீனுக்கு அதற்குமேல் எந்த மானமும் வேண்டியிருக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் பெரில் வந்து நின்றாள். கையில் ஒரு டம்ளர், ஒரு காசு.

"க்ளாரி, இதைக் கொஞ்சம் உன் கையால வெச்சுக் குடேன். உன் கைராசிக்குத்தான் அன்னைக்கு உண்மை தெரிஞ்சுது. காசுல இருக்கற ராணி முகம் மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா?"

அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள்.

க்ளாரி பதில் சொல்லுமுன் நொரீன் படியிறங்கி வந்தாள். பெரிலின் காசை அவள் கையிலேயே அழுத்தி மூடினாள்.

"உன் காசு, உன் கை, உன் கண்ணு. இதுல வேற எவன் கையும் வேண்டாம். நீயே வை, நீயே திறந்து பாரு. நானும் பாக்காம இருந்துதான் ஊருக்கே விஷம் வெக்கப் போனேன்."

வரிசை மெல்லக் கலைந்தது. கலையும்போது ஒருவர் மற்றவரிடம், "எதுக்கும் அவ கிட்டயே ஒரு தடவை குடுத்து வாங்கியிருக்கலாம்" என்று சொன்னது காதில் விழுந்தது.

கரண்ட் போனால் புகார் சொல்ல ஒரு எண் இருக்கிறது. ஐந்தாம் நாளாவது ஆள் வந்து சரிசெய்துவிடுகிறான். புத்தியின் இணைப்பை மட்டும் அவரவரேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும், ஐயா!