சாட்சிக்கு ஒன்றும் கிடையாது

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீ, அண்ணி, பாப்பா மூவரும் நலம் என்பதை, நீ தினமும் காலையில் போனில் அனுப்பும் பூப்படத்திலிருந்து ஊகித்துக்கொள்கிறேன். நேற்று ரோஜா. ஆகவே நலம்.

உயில் எழுதப் போனேன். பதறாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் பல் செட் செய்யும் இடத்துக்கு ஒரு வக்கீல் அம்மா வந்து, எல்லா வயதினருக்கும் உயில் வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினார். நான்கு நிறத்தில் படிவங்கள். பச்சை, இருபதுகளில் இருப்பவர்களுக்கு. மஞ்சள், புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு. நீலம், பிள்ளை பெற்றவர்களுக்கு. வெள்ளை, ஓய்வு பெற்றவர்களுக்கு. எனக்கு முப்பத்தெட்டு. கையை நீட்டியபடி நின்றேன்.

"கல்யாணம் ஆகற மாதிரி இருக்காம்மா?"

"இப்போதைக்கு இல்ல மேடம்."

"அப்ப வெள்ளையே வச்சுக்குங்க. எல்லாரும் கடைசியில அங்கதான வரணும்."

முதல் கேள்வி, பேரக்குழந்தைகளின் பெயர்கள். கோடு போட்டேன். மறைந்த துணைவரின் பெயர். கோடு. பக்கம் முடியும்போது கோடு போட்ட நோட்டுப் போல ஆகிவிட்டது.

அடுத்த பக்கம், சொத்து. ஸ்கூட்டரைப் பல்லழகருக்கு எழுதினேன். எனக்கு எதிர் மேஜையில் மெழுகில் பல் செதுக்குபவர். முப்பது வருடமாக ஊருக்கே பல் செய்தவர்; சொந்த வாயில் இருப்பது மூன்று. பதினோரு செடித் தொட்டிகளைக் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு. அம்மாவின் தையல் மெஷின் உனக்கு. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு வாழ்க்கைக்கு இது கொஞ்சம் சீக்கிரம் என்று தோன்றியது.

பிறகுதான் வினை. இரண்டு சாட்சி வேண்டுமாம். பல்லழகரையும் வீட்டுக்கார அம்மாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். வக்கீல் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சாட்சி போடறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதும்மா. இவங்கள விட்டுட்டு வேற ரெண்டு பேரச் சொல்லுங்க."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஓடியது.

"உங்க ஆபீஸ்லயே யாராவது போடலாமா மேடம்?"

"போடலாம். ஆனா உங்களத் தெரிஞ்சவங்களா இருந்தா நல்லது. நாளைக்கு யாராவது கேட்டா, ஆமா, இவங்கதான்னு சொல்லணும்ல?"

சரி, இவர்களே சாட்சி, ஸ்கூட்டரையும் செடிகளையும் அடித்துவிடுங்கள் என்றேன். பல்லழகர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு ஸ்கூட்டர் ஓட்டவே தெரியாதும்மா. நீ ஆசையா சொன்னப்ப வேணாங்க வாய் வரல." வீட்டுக்கார அம்மாதான் எழுந்து நின்றுவிட்டார். "அதென்ன நியாயம்? ரெண்டு வருஷமா தண்ணி ஊத்தறது யாரு, நானா இந்த வக்கீலா? கையெழுத்தா செடியான்னா எனக்குச் செடிதான், சொல்லிட்டேன்." அவர் கணவரைப் போடச் சொல்லலாமா என்று கேட்டேன். சாட்சியின் மனைவிக்கும் கிடைக்காதாம். வீட்டுக்கார அம்மா தனி ஆட்டோவில் போய்விட்டார். இப்போது படியில் பார்த்தால் செடிகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார், அதுவும் செடிகளிடம்.

ஆக, யோசித்துப் பார்த்தேன். இங்கே என்னை நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரையும் சமாதானப்படுத்திச் சாட்சியாக்கிவிட்டால், மீதி நீதான். ஸ்கூட்டர், செடி, மெஷின், எல்லாம் உனக்கே. உனக்கிருக்கும் ஒரே தகுதி, நீ இங்கே இல்லை என்பது.

படிவத்துக்காக உன் முகவரி கேட்டிருந்தேன். கட்டைவிரல் படம் அனுப்பினாய். இந்தக் கடிதத்தில் போட்டிருக்கும் முகவரி, மூன்று வருடத்துக்கு முன் நீ அனுப்பிய செருப்புப் பெட்டியில் இருந்தது. செருப்பு ஒரு அளவு பெரிது. சொல்லவில்லை. சாக்ஸோடு போடுகிறேன்.

அண்ணிக்கு வணக்கம். பாப்பாவுக்கு முத்தம். அவள் இப்போது முத்தம் வாங்கும் வயதா, முகத்தைத் திருப்பும் வயதா, தெரியவில்லை. எதற்கும் கொடுத்துப் பார்.

உன் தங்கை

பி.கு.: மேலே உனக்கே என்று சொன்னதையெல்லாம் உயிலில் அடித்துவிட்டேன். செடிகள் வீட்டுக்கார அம்மாவுக்கே. மெஷினும் ஸ்கூட்டரும் பாப்பாவுக்கு. பல்லழகர் ஒரு சாட்சி. இன்னொன்றுக்கு ஆள் இல்லை. நீ வா. முன்பே சொல்லிவிடுகிறேன், வந்தால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. கையெழுத்துப் போட்டு, ஆமாம், இவள்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முன்பக்கம் நரைத்திருக்கிறது, பார்த்துத் திகைக்காதே. சனிக்கிழமைகளில் ஒரு மணி வரை ஆபீஸ் திறந்திருக்கும்.