மூன்று பேரும் ஒரே வாசலில்

இந்த ஞாயிற்றுக்கிழமை தோற்பதில்லை என்று நான் முடிவு கட்டியது ஒரு புதன்கிழமை. அதுவரை தொடர்ந்து ஏழு ஞாயிறு தோற்றிருந்தோம்.

வருடம் தொண்ணூற்றொன்பது. பாளை மார்க்கெட்டுக்குப் பின்னால் என் நண்பன் பீர் மைதீன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். ஆறு கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டுக் கோத்திருந்தான். வார நாளில் டைப்பிங், ஜாதகம். ஞாயிறு மத்தியானம் சுடுகிற ஆட்டம். ஒரு பக்கம் மூன்று பேர் திரையில் இருக்கும் கிட்டங்கியை, அதாவது சரக்குக் குடோனை, காக்க வேண்டும். மறுபக்கம் மூன்று பேர் உள்ளே புகுந்து கொடியை எடுக்க வேண்டும். எங்கள் அணியில் நான், பீர் மைதீன், பேங்க்கார குமரகுருபரன். எதிரணியில் மருந்துக் கம்பெனி ரெப்புகள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டிக்கொண்டு வந்து எங்களைச் சுடுவார்கள்.

தோல்விக்குக் காரணம் எனக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழைவோம். ஒரு தடவை குமரகுருபரன் என் முதுகிலேயே சுட்டுவிட்டான். மன்னிப்புக் கேட்பதற்குள் அவனும் செத்துப்போனான்.

என் மனைவி பிரம்மநாயகிக்கு இதெல்லாம் தெரியாது. பிரமோஷனுக்காகக் கம்ப்யூட்டர் படிக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். படிக்கிற மனுசன் என்று கிளம்பும்போது ஸ்பெஷலாக ஒரு காபிகூடப் போட்டுக் கொடுப்பாள்.

அந்தப் புதன்கிழமை அடுக்களைத் தரையில் உப்பு ஜாடி, புளி ஜாடி, கடுகு டப்பா மூன்றையும் எங்கள் மூவராக வைத்து, கவிழ்த்த சல்லடையைக் கிட்டங்கியாக்கி நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து என்னவென்று கேட்டாள். ஆபீஸில் தீப்பிடித்தால் மூன்று பேர் எப்படி வெளியேறுவது என்று வகுப்பில் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஜாடிகளைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு பேரும் முன்னால பாத்துக்கிட்டே போனா, பின்னால யாரு பாக்குறது?"

ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் அவளும் இரண்டு தங்கைமாரும் பிள்ளைகளோடு எப்படிப் போவார்கள் என்று புளி ஜாடியை நகர்த்திக் காட்டினாள். ஒருத்தி முன்னால் போய்த் தெரு முக்கில் நின்று பார்ப்பாள். அவள் நிற்கும்போது அடுத்தவள் நடப்பாள். மூன்றாமவள் பின்பக்கம் பார்த்துக்கொண்டே வருவாள். வாசலில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது, நுழைந்த உடனே சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும்.

"ஒருத்தி நிக்கும்போதுதான் இன்னொருத்தி நடக்கணும். ரெண்டு பேரு சேந்து நடந்தா பிள்ளை தொலைஞ்சிரும்."

அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். நண்பர்களிடம் நானே ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை குமரகுருபரன் முக்கில் நின்றான், நான் நடந்தேன், பீர் மைதீன் பின்னால் பார்த்தான். ஜெயித்தோம். ரெப்புகள் முதல்முறையாக டையைத் தளர்த்தினார்கள். பீர் மைதீன் எல்லாருக்கும் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சிக்கு மூளையே மூளை" என்றான். நானும் மறுக்கவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் பிரம்மநாயகி கேட்டாள். "ஜெயிச்சிட்டியளா?"

பீர் மைதீன் மனைவி மைதீன் பாத்திமா முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறாள். அதோடு விடவில்லை. நாங்கள் வேலைக்குப் போன பிறகு, சென்டர் காலியாகக் கிடக்கும் செவ்வாயும் வெள்ளியும் அவளும் பாத்திமாவும் குமரகுருபரன் மனைவி சங்கரியும் ஒரு மாதமாக அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பீர் மைதீனுக்கும் தெரியுமாம். வாயைத் திறக்கக் கூடாதென்று பாத்திமா உத்தரவு.

அடுத்த ஞாயிறு அவர்கள் மூவரோடும் நாங்கள் ஆடத் தயாரா என்று பிரம்மநாயகி கேட்டாள். அவர்கள் ஜெயித்தால் ஞாயிறு மத்தியானம் அவர்களுக்கு, பிள்ளைகள் எங்களுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீ சுடப் போறியா?"

"பன்னெண்டு வருசமா இந்த வீட்டுல தோசை யாரு சுடுதா?" என்றாள்.

மூன்று ஆட்டம் என்று பேச்சு. முதலாவது அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் கிட்டங்கியைக் காப்பது நாங்கள். குமரகுருபரன் செத்தான், சங்கரி செத்தாள், பாத்திமா போனாள், அவளுக்குப் பின்னாலேயே பீர் மைதீனும் போனான். மிச்சம் நானும் என் மனைவியும். மூட்டைக்குப் பின்னால் பதுங்கி வாசலுக்கே குறி வைத்திருந்தேன். அவள் நிழல் வெளியே தெரிந்தது. அவளுக்கு வேறு வழி கிடையாது. இந்த வாசலில்தான் வந்தாக வேண்டும். வந்தால் தீர்ந்தாள்.

எதிர் மேஜையிலிருந்து அவள் குரல் வந்தது. வீட்டில் பேசுகிற அதே குரல்.

"இங்க பாருங்க, கெளம்பும்போது கேஸ மூடினியளா?"

கடைசியாக வீட்டைப் பூட்டியவன் நான். அதற்கு முன் காபியைச் சுட வைத்தவனும் நான். மூடினேனா? என் கை மவுசை விட்டது. ஒரு நிமிஷம் நான் கிட்டங்கியில் இல்லை, எங்கள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் அவள் நுழைந்து, சுவரோரம் ஒதுங்கி, நிதானமாக என்னைச் சுட்டு, கொடியை எடுத்துக்கொண்டு போனாள்.

சங்கரி கைதட்டினாள். பாத்திமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பும்போது ஸ்கூட்டரில் என் முதுகுக்குப் பின்னால் இருந்து பிரம்மநாயகி சொன்னாள், கேஸை அவளே மூடிவிட்டாளாம்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் ரெப்புகளைத் தோற்கடித்தது அவர்கள்தான். நாங்கள் மூவரும் ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாமிரபரணிக் கரையில் சுண்டல் தின்றோம். பரீட்சை லீவுக்குச் சங்கரி முக்கூடலில் அம்மா வீட்டுக்குப் போனபோது அணியில் ஓர் இடம் காலியானது. நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். பிரம்மநாயகி யோசித்தாள். சொன்னபடி கேட்பேனா என்றாள். கேட்பேன் என்றேன். அப்போதுதான் என் வேலையைச் சொன்னாள். நான் கிட்டங்கி முற்றத்தின் நடுவில் ஓட வேண்டும். ரெப்புகள் மூன்று பேரும் என்னைச் சுடும்போது அவளும் பாத்திமாவும் சுவரோரமாக வந்து வாசலுக்குள் போய்விடுவார்கள்.

"பையப் போனா ஆகாது. எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஓடணும்" என்றாள்.

இப்போது நான் ஜெயிக்கிற அணியில் இருக்கிறேன். முதலில் சாவது என் பொறுப்பு.