டிக் சத்தம் கேட்காத ஞாயிற்றுக்கிழமை

சிகரெட்டை விட்டவனைக்கூட நம்பலாம். விட்ட முதல் மாதத்தில் அவன் வாங்கிப் போடும் சாமான்களை மட்டும் நம்பவே கூடாது. நான் வாங்கியது இரண்டு குழாய்கள். அந்த இரண்டு குழாய்களால் என் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலில் இருந்து பன்னிரண்டு மணி வரை நின்று போயிருந்தது. (அப்புறம் நடந்துவிட்டது. அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. சம்பந்தப்பட்டவள் இப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது தனிக்கதை.)

அப்போது எங்கள் வீடு பழங்காநத்தத்தில். எனக்கு கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை. பெண் சமயநல்லூர்ப் பக்கம், பெயர் ரேவதி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, இருவரும் போனில் பேசிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பெரிய மனது பண்ணி அனுமதித்திருந்தார்கள். மூன்றாவது நாள் பேச்சிலேயே நான் உளறிவிட்டேன். டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடிப்பதைச் சொன்னேன். ரேவதி ஒரே மூச்சில் முடிவைச் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா இருமுற சத்தத்துலதான் நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன். இன்னொருத்தர் இருமுறதக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாது. இனிமே ஒண்ணு புடிச்சீங்கன்னு தெரிஞ்சாலும் நான் வரமாட்டேன். அம்புட்டுதான்."

அன்றோடு விட்டேன். நிஜமாகவே விட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதை யாரும் நம்பவில்லை.

விட்ட பிறகுதான் தெரிந்தது, வாயைவிடக் கைதான் மோசமான பேர்வழி. டீ கிளாஸைக் கீழே வைத்ததும் அதுபாட்டுக்குச் சட்டைப்பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு கடலைமிட்டாயை எடுக்கும். பத்தே நாளில் சட்டையின் கீழ்ப் பொத்தான் போட முடியாமல் போனது. இந்த நிலைமையில்தான் இன்டர்நெட்டில் அந்தக் குழாயைப் பார்த்தேன்.

விரல் நீளத்துக்கு ஸ்டீல் குழாய். ஒரு நுனியில் காய்ந்த இலையை நுணுக்கி வைத்து, மேலே ஒரு மூடி போட்டு, அந்த மூடியை ஜெட் லைட்டரால் சூடு பண்ண வேண்டும். பேட்டரி, சார்ஜர் எதுவும் கிடையாது. சூடு பதமானதும் மூடிக்குள் இருக்கும் தகடு 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். உடனே நெருப்பை எடுத்துவிட்டு உறிஞ்ச வேண்டும். இலை எரியாது, வதங்கும். புகை கிடையாது, ஆவிதான். வெளிநாட்டில் இதில் என்ன இலை வைக்கிறார்கள் என்பது நமக்கு வேண்டாம். நான் துளசி வைத்தேன். நொச்சியை வெந்நீரில் போட்டு, போர்வையை மூடிக்கொண்டு வேது பிடிக்கும் ஊரில், அதையே ஸ்டைலாகச் செய்வதாக எனக்கு நினைப்பு.

என் சிநேகிதன் முத்துக்குமாருக்கு நான் எதை வாங்கினாலும் அதைவிட நல்லது ஒன்று தெரியும். "மாப்ள, ஸ்டீலெல்லாம் வேஸ்ட்டு. மரத்துல ஒண்ணு வருது, உள்ள கண்ணாடிக் குழா. அதான் ராசா" என்றான். அதையும் வரவழைத்தேன். அது ஸ்டீல் குழாயைவிட மூன்று மடங்கு பெரிது. சத்தமெல்லாம் போடாது. வாசனையை வைத்து நாமாகவே பதம் கண்டுபிடிக்க வேண்டும்.

கையில் இரண்டு கருவிகள் வந்தவுடன் எனக்குள் இருந்த லேப் டெக்னீஷியன் விழித்துக்கொண்டான். நீள நோட்டு ஒன்று வாங்கி ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நாள், குழாய், இலை, எத்தனை விநாடி, சுவை, குறிப்பு, பத்துக்கு எத்தனை மார்க். கடைசிக் கட்டத்தில், அன்று சிகரெட் பிடித்தேனா இல்லையா. அடுத்தவர் ரத்தத்துக்கே ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவன் முதன்முறையாக எனக்கு நானே ரிப்போர்ட் எழுதினேன். ரேவதியிடம் மட்டும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிந்ததும் முடிவோடு சேர்த்துச் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன். கல்யாணத்துக்கு முன் ஒருவன் எடுக்கக்கூடிய அடிமுட்டாள்தனமான முடிவு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. வீடு பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதல்ல. அடுப்படி, பாத்ரூம், குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நம் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதோடு சம்பந்தம் முடிவான மாதிரி. பிடிக்கவில்லையென்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகக் கிளம்பிவிடுவார்கள். அம்மா விடியற்காலையில் இருந்து வடை, பாயசம் என்று அடுப்படியிலேயே நின்றாள்.

எனக்கோ இரண்டு நாளாகக் கடும் ஜலதோஷம். மூக்கு அடைத்து, காதும் அடைத்து, கிணற்றுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. விருந்தாளிகள் பதினொன்றரைக்கு என்று பேச்சு. அதற்குள் மூக்கைத் திறந்துவிடலாம் என்று பத்தேகாலுக்கு மொட்டை மாடிக்குப் போனேன். கையோடு இரண்டு குழாய்கள், லைட்டர், நோட்டு. நுணுக்கிய துளசியும் நொச்சியும் லேபில் சாம்பிள் போடும் குட்டி ஜிப் கவர்களில். (இந்தக் காட்சியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அன்று ஓடவில்லை.)

பன்னிரண்டு மணிக்கு எமகண்டம், அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் பத்தரைக்கே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். வேன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அம்மா மூன்று தடவை கூப்பிட்டதும் கேட்கவில்லை. முக்கியமாக, ஸ்டீல் குழாயின் 'டிக்' கேட்கவில்லை.

எட்டு விநாடியில் வர வேண்டிய சத்தம் பதினைந்து விநாடி ஆகியும் வரவில்லை. இருபத்தைந்து ஆனது. 'இன்று ஸ்டீல் மந்தம்' என்று இடது கையால் நோட்டில் எழுதிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்த குழாயை வலது கையால் சூடு பண்ணிக்கொண்டே இருந்தேன். மூடி சிவக்க ஆரம்பித்த பிறகு, சரி போதும் என்று முழு மூச்சாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

உள்ளே துளசி இல்லை, கரி இருந்தது. ஆவி வர வேண்டிய இடத்தில் ஒரு செங்கல் சூளையே வந்தது. இருமினேன், வாய் வழியாகப் புகை. தும்மினேன், அதுவரை அடைத்திருந்த மூக்கு வழியாகவும் புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மாடிப்படி வாசலில் ரேவதியின் தங்கை திவ்யா, கையில் போனை எனக்கு நேராக நீட்டியபடி நிற்கிறாள். வீடு பார்க்கக் கல்யாணப் பெண் வருவது வழக்கமில்லை. அதனால் அக்காவுக்கு வீடியோ காலில் ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அடுப்படி, பூஜை அறை, பாத்ரூம், அடுத்ததாக மாப்பிள்ளை.

போனில் ரேவதியின் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. (இன்றுவரை சொல்லவும் மாட்டேன் என்கிறாள்.) "சிகரெட் இல்ல" என்றேன். அந்த இரண்டு வார்த்தையோடும் புகை வந்தது. ஸ்கிரீன் கறுத்துப் போனது.

அடுத்து மேலே வந்தவர் ரேவதியின் தாய்மாமா, பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு அறிமுகமானவர். ரிட்டயர்டு ஏட்டு. ஆறடி உயரம், கதவை நிறைக்கும் உடம்பு. படியில் வரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். லைட்டரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், ஜிப் கவர்களைப் பார்த்தார். சர்வீஸில் விட்டுப்போன கேஸ் ஒன்று தானாக நடந்து வந்த மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"என்ன எல இது?" என்று காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

"துளசி மாமா."

"எல்லாப் பயலும் மொதல்ல துளசின்னுதான் சொல்லுவான்."

சொல்லிவிட்டு, சாட்சிப் பொருளைக் கைப்பற்றும் முறைப்படி ஸ்டீல் குழாயை எடுத்தார். மூடிப் பக்கமாக எடுத்தார். நான் தடுப்பதற்குள் இரண்டு விரல் அதில் பதிந்துவிட்டது. முப்பது வருடக் காக்கிச் சட்டை அல்லவா, கத்தவில்லை. மீசை மட்டும் ஒருமுறை துடித்தது. மெல்லக் கீழே இறங்கிப் போய் அடுப்படி வாளித் தண்ணீரில் கையை விட்டார். (இதைக் கை நனைத்ததாக எடுத்துக்கொள்ளலாமா என்று அம்மா அப்பாவிடம் ரகசியமாகக் கேட்டாளாம்.)

பிறகு ஹாலில் விசாரணை. வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் ரேவதியின் அப்பா மட்டும்தான். அவரால் மாடி ஏற முடியாது, இரண்டு படி ஏறினாலே இளைப்பு வந்துவிடும். ஏட்டு மாமா இடது கையில் என் நோட்டை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். அதில் கொடுக்கல் வாங்கல் விவரம் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார். அக்காவும் கேட்கட்டும் என்று திவ்யா மறுபடி போன் போட்டு நோட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவர் ஸ்டேஷனில் படிப்பது போல உரக்கப் படித்ததால் என் அடைத்த காதிலும் ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

"நாள் ஒன்று. ஸ்டீல். துளசி. எட்டு விநாடி. சுவை, பெருமாள் கோயில் தீர்த்தத்தைக் கொதிக்கவைத்தது போல. மார்க் ஆறு. சிகரெட் இல்லை."

"நாள் நான்கு. ஸ்டீல். ஓமவல்லி. டீக்கடை கண்ணில் படாமல் இருக்கச் சுற்றுத் தெரு வழியாகப் போனேன். நாய் துரத்தியது. மார்க் மூன்று. சிகரெட் இல்லை."

"நாள் ஒன்பது. மரக்குழாய். பார்க்கப் பெரிசு. சூடாக நேரமாகிறது, சூடானால் எப்போது ஆறும் என்று தெரியாது." இங்கே கொஞ்சம் நிறுத்தினார். "பெண்ணின் தாய்மாமா மாதிரி. மார்க் நாலு. சிகரெட் இல்லை."

மாமா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"நாலா? பத்துக்கா?"

"ஆமா மாமா."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று காலில் விழலாமா என்று யோசித்தேன். கீழ்ப் பொத்தான் போடாத சட்டையோடு குனிவது சிரமம் என்பதால் நின்றுகொண்டே இருந்தேன்.

"நாள் பதினொன்று. இரண்டு குழாயும் உதவவில்லை. இன்று ரொம்பக் கஷ்டம். கடை வரைக்கும் போய்விட்டேன். ரேவதிக்கு போன் பண்ணினேன். ஒன்பதாம் வகுப்பு பேப்பர் திருத்திக்கொண்டே பேசினாள். எல்லாப் பிள்ளையும் ஃபெயில் என்று திட்டிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம். நினைப்பு போய்விட்டது. மார்க் பத்து. சிகரெட் இல்லை."

அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜலதோஷம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ரேவதியின் அப்பா என்னைக் கைகாட்டி அருகே அழைத்தார்.

"இந்தக் குழாயில சிகரெட் நெனப்பு போகுதா தம்பி?"

"போகல மாமா. நோட்டுல இல்லைன்னு எழுதணுமேங்குற பயத்துலதான் போகுது."

அவர் சிரிக்கப் பார்த்தார், அது இருமலாக மாறி வெகு நேரம் நீண்டது. அந்த இருமலுக்கு நடுவில்தான் ரேவதி பன்னிரண்டாவது வரை படித்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சு அடங்கியதும், "எனக்கு அந்த வயசுல அந்தப் பயம் இல்லாமப் போச்சு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இலையப் போடுங்கம்மா, எமகண்டத்துக்கு முன்னாடி உக்காந்துருவோம்" என்றார்.

திவ்யா போனைக் காதில் வைத்துக் கேட்டு எனக்காகக் கத்தினாள். "குழா விசயத்த ஏன் எங்கிட்டச் சொல்லலன்னு அக்கா கேக்குது."

"ஆராய்ச்சி முடியட்டும்னு இருந்தேன்னு சொல்லு."

அந்தப் பக்கம் இருந்து பதில் வந்தது. "நோட்ட மாமாகிட்டக் குடுத்து விடச் சொல்லுது."

ஏட்டு மாமா அன்று ரசம் சாதத்தை வாழையிலையில் ஸ்பூனால் துரத்தித் துரத்திச் சாப்பிட்டார். நோட்டு வேனில் ஏறிப் போனது. அடுத்த வாரம் காது மூக்கு தொண்டை டாக்டர் என் காதைத் திறந்துவிட்டு, சூடான எதையும் உள்ளே இழுக்கிற வேலையே வேண்டாம், இரண்டையும் தூரப் போடு என்றார். போட்டேன். கல்யாணத்தில் மாமாதான் மாலை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "இப்ப எம்புட்டு மார்க் மாப்ள?" என்று கேட்டார். எட்டு என்றேன். அதன்பின் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்கிறார். இப்போது ஒன்பதரையில் நிற்கிறார்.

நோட்டு ரேவதியிடம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் பீரோவில் எதையோ தேடும்போது கையில் கிடைத்தது. என் கட்டங்களுக்குக் கீழே சிவப்பு மையில், டீச்சர் கையெழுத்தில் புதிதாக ஒரு வரிசை இருந்தது. 'குழாய் மூன்று: வீட்டுக்காரர். சூடாக இரண்டு விநாடி. ஆற இரண்டு நாள். டிக் சத்தம் வராது, நாமாகத்தான் பதம் பார்க்க வேண்டும். சிகரெட் இல்லை.' மார்க் கட்டம் மட்டும் காலி.

வருடம் எட்டாகிறது. இன்னும் காலிதான். ஏன் போடவில்லை என்று ஒவ்வொரு கல்யாண நாளிலும் கேட்கிறேன்.

"ஆராய்ச்சி முடியட்டும்" என்கிறாள்.