காருக்கு வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

அன்பு மகள் இசைவாணிக்கு, அப்பா பேச்சிமுத்து ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீ வாங்கிக் கொடுத்த கரண்டு காரும் ஒரு கீறல் இல்லாமல் சுகம். மற்றது எதுவும் சுகமில்லை. போனில் சொன்னால் 'மீட்டிங்பா' என்று வைத்துவிடுவாய். அதனால் பொறுமையாக எழுதி, போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன்.

நீ ஆசைப்பட்ட அந்தப் பழனிக்காரப் பையனின் வீட்டுக்கு இன்று போனோம். ஒளிக்காமல் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். லாட்ஜ் நடத்துகிற குடும்பம், நமக்குச் சரிப்படாது என்பது என் எண்ணம். காரை வாசலில் கௌரவமாக நிறுத்தி, காபிகூடக் குடிக்காமல் சொல்லிவிட்டு, திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிடுவது என்று திட்டம். நிறுத்துவதில் கவலையில்லை. அப்பாவுக்கு முன்னால் போகத்தான் தெரியும், ரிவர்ஸ் வராது என்றுதானே, தானாகவே பார்க்கிங் செய்துகொள்ளும் காராய்ப் பார்த்து வாங்கினாய். பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஸ்டீயரிங் தானே சுற்றும்.

வழியில் அடிவாரத்தில் காருக்குப் பூஜை போட்டே ஆகவேண்டும் என்றாள் உன் அம்மா. போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சை, முன்னால் மாலை, எல்லாம் சரி. பம்பரில் வட்டம் வட்டமாய் இருக்கிறதே, கார் அக்கம்பக்கம் பார்க்கிற சென்சார், அதைப் பார்த்து, "பொட்டு வைக்க எடம் விட்டே செஞ்சிருக்கான், எம்புட்டு பக்தி" என்று ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். பின்பக்கக் கேமராவுக்குப் பெரிய பொட்டு. நானும் சும்மாதான் இருந்தேன், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பையன் வீட்டுத் தெருவுக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினேன் பாரு, கார் தெருவுக்குக் குறுக்க நின்னுக்கிட்டு கீ கீன்னு கத்துது. நாலாபக்கமும் இடிக்குதுங்குது. கண்ணை மூடிவிட்டா அது என்ன செய்யும், பாவம். முன்னால சுவரு, பின்னால கோயிலுக்கு வந்த பஸ்ஸு, ஒரே ஹாரன் சத்தம். தெருவே கூடி டிக்கியத் தட்டி, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வாங்க"ங்குது. ஒருத்தன் ஒடிக்கச் சொல்ற பக்கத்த இன்னொருத்தன் வேணாங்குறான். பையனோட அப்பா ஓடி வந்து, "ஏனுங்க, அந்தப் பொட்டைத் தொடச்சாச் சரியாப் போயிருமுங்க"ன்னு துண்டை எடுத்தாரு. உங்கம்மா பாஞ்சு இறங்கிட்டா. "சம்பந்தம் பேச வந்த எடத்துல குங்குமத்த அழிக்கிறதா? தொட்டீகன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்!" அம்புட்டுதான், ஒரு பய கை வைக்கல. நான் சொல்ல வந்ததை அவளே சொல்லிட்டாளேன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். ஆனா பஸ்காரன் விடணுமே. அந்தப் பையன்தான் அவன்கிட்ட நின்னு கெஞ்சிக்கிட்டு இருந்தான்.

அப்பத்தான் பையனோட அம்மா சண்முகவள்ளி வெளிய வந்தாங்க. முதல் பொட்டுல இருந்த குங்குமத்த விரல்ல எடுத்து உங்கம்மா நெத்தியில வச்சாங்க. "அழிக்கலீங்க, எடுத்துக்கறோமுங்க. முருகன் சந்நிதிக் குங்குமம், நாலு பேரு நெத்திக்குப் போகட்டுமுங்க"ன்னாங்க. அடுத்தது பூக்கார அம்மாவுக்கு, அப்புறம் பஸ்ஸுல இருந்து எறங்கின பொம்பளைங்களுக்கு. வரிசை கட்டி நின்னு வாங்குறாங்க! சந்தனத்த ஆம்பளைங்க பூசிக்கிட்டாங்க. கேமராவோட பொட்டு எனக்கு. கடைசிப் பொட்டு போனதும் கார் கத்துறத நிப்பாட்டிட்டு, தானே ஒடிச்சுத் திரும்பி, ரெண்டு பைக்குக்கு நடுவுல உரசாமப் போய் நின்னுச்சு. தெருவே கை தட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அது சந்தனம் பட்டதால.

இருந்தாலும் அவசரப்பட்டுச் சம்மதம் சொல்வதற்கில்லை. தை பிறக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். நீயும் அதற்குள் மனசில் கோட்டை கட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பழனியாண்டவன் உன்னைப் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் அப்பா,
பேச்சிமுத்து

பி.கு.: இதை அவுங்க வீட்டு மாடியில உக்காந்துதான் எழுதுறேன். உங்கம்மா சம்பந்தியம்மாகூடப் பட்டுப்புடவை பார்க்கப் போயிட்டா. எழுதத் தாள் குடுத்ததும் மாப்பிள்ளைதான், போட்டோ எடுத்து அனுப்பப் போறதும் மாப்பிள்ளைதான். மேல உள்ளதப் பூராம் படிச்சிட்டு, "மாமா, தைன்னு எழுதிட்டீங்களே, வர்ற ஞாயித்துக்கிழமைதானுங்களே தட்டு மாத்தறோம்?"னு கேக்குறாரு. அடிச்சுத் திருத்துனா அசிங்கமா இருக்கும். தைங்குற எடத்துல ஞாயித்துக்கிழமைன்னு நீயே படிச்சுக்கிட்டு, சனிக்கிழமையே வந்து சேரு.