நாலு டப்பா பால் பவுடர்

மாரீஸ்வரன் அமிர்தநாதன் கடைக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அத்தனையும் பால் பவுடர் பாக்கி.

பிள்ளை பெற்று எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்த அன்றே அவன் மனைவி கற்பகம் சொன்னாள்: "எங்கிட்டயே வேணுங்கிற பால் இருக்குங்க. பவுடர் எதுக்கு?"

"உனக்கென்னடி தெரியும்? மேனேஜர் வீட்டுப் பிள்ளை டப்பாப் பால்தான் குடிக்குது."

டப்பாவும் பாட்டிலும் கடனுக்கு வாங்கி வைத்துவிட்டுத் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விட்டான். தீரத் தீர வாங்கினான். மகளும் கொழுகொழுவென்று வளர்ந்தாள். "எல்லாம் பவுடரு செய்ற வேலை" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

இப்போது அமிர்தநாதன் கையை விரித்துவிட்டார். "பாக்கி தீராம இனி அரிசிகூடக் கிடையாது மாரி."

மாரி வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டான். "நாளையிலிருந்து பவுடரைப் பாதியாக் குறை."

"சரிங்க" என்றாள் கற்பகம்.

மறுநாள் காலையில் டீயை வாயில் வைத்தவனுக்கு முகம் கோணிப்போனது. "என்னடி இது, கழனித் தண்ணி மாதிரி?"

"சிக்கனம்ங்க."

"தேயிலைக்குள்ள கிடந்து சாகுறவனுக்கு டீயில சிக்கனமா?" என்று கத்தியதில் சட்டைப் பட்டன் தெறித்து அடுப்புக்குள் போய் விழுந்தது. "எல்லாச் சட்டையும் சுருங்கிப் போச்சு! முதல்ல சோப்பை மாத்து."

அதே கடுப்போடு கடைக்கு ஓடினான். "அண்ணாச்சி, எம் மகளை வந்து பாருங்க. உங்க பவுடருக்கு அதைவிட விளம்பரம் உண்டா?"

அமிர்தநாதன் தாடையைச் சொறிந்தார். "சரிடா. பவுடரைக் குடிச்சு வளர்ந்த ஆளோட படத்தைக் கடையில மாட்டிக்கிறேன். பாக்கி தள்ளுபடி."

கற்பகத்துக்குத்தான் வியர்த்தது. "படமெல்லாம் வேண்டாங்க. கண்ணு பட்டுரும்."

"ரெண்டு கன்னத்துலயும் மை வை. சோத்துக்கு வழி வந்திருக்கு, கெடுத்துராதே!"

ஞாயிற்றுக்கிழமை அமிர்தநாதன் செல்போனோடு வந்தார். பின்னாலேயே பாதி லயமும் வந்தது. வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை எடுக்கிற ஹரித கர்ம சேனை பாகீரதியும் சாக்கோடு வந்து நின்றாள்.

"சேச்சி, பால் பாட்டில் தேஞ்சிருக்கும். கொண்டு போங்க" என்று மாரி பெருமையாக எடுத்து நீட்டினான்.

பாகீரதி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தா மாரி, கவரே பிரிக்கலையே! நானும் நெனைச்சேன். பவுடர் குடிக்கிற பிள்ளை வீட்டுல நிப்பிள், மூடி, பிளாஸ்டிக்னு என் சாக்கு ரொம்பிரும். கொதிக்க வச்சே கேஸ் தீரும். இங்க ஒண்ணுமில்லை. இது அம்மை பால் குடிச்ச பிள்ளையாக்கும். குப்பையும் இல்லை, செலவும் இல்லை."

லயமே கொல்லென்று சிரித்தது. மாரிக்குக் காது சிவந்தது. "அப்போ நாலு டப்பா பவுடர் எங்கடி போச்சு?"

கற்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "காலமெல்லாம் பாலில்லாத கட்டன் சாயா குடிச்ச ஆளு, மூணு வேளையும் பால் டீ குடிச்சீங்களே. எந்த மாடு கறந்துச்சுன்னு நெனைச்சீங்க? காசு போட்டு வாங்கினதைக் கீழ கொட்டவா முடியும்?"

அமிர்தநாதன் செல்போனை மாரி பக்கம் திருப்பினார்.

"பிள்ளையை உள்ள கொண்டு போ தாயி, பாக்கி தீர்ந்துச்சு. டேய் மாரி, வயித்தை எக்காம நில்லு."