பட்ஜ் அண்ணையும் நாலு தாளும்

மெல்பேர்ன் நகரத்திலேயே ஒரே சட்டைக்குள் இரண்டு பேராக வாழ்ந்தவர் பட்ஜ் அண்ணை ஒருவர்தான். 1970களில் எங்கள் சங்கத்தின் செயலாளர். சங்கச் சின்னம் பொறித்த பட்ஜ் சட்டையில் குத்தியிருந்தால் அவர் சங்கம். கழற்றினால் வெறும் மனிதர்.

"இந்த அரசாங்கம் எப்பிடி அண்ணை?" என்று கேட்டால் உடனே பதில் வராது. பட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, "படு மோசம்" என்பார். மறுபடி குத்திக்கொண்டு, "சங்கத்துக்கு அபிப்பிராயம் இல்லை" என்பார். ஒருமுறை அவசரத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது. அப்போது கத்தியது சங்கமா அவரா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இதற்குக் காரணம் இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற சங்கம் என்று எங்களுக்கு வரிவிலக்கு கிடைத்திருந்தது. தேர்தலில் ஒருவரை ஆதரித்தால் அது பறிபோகும் என்பது அண்ணையின் பயம். அது போனால் நன்கொடை நிற்கும், மண்டபம் போகும், சனிக்கிழமைகளில் விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் மேசையும் போகும்.

அப்போது ஒரு தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் நின்ற ஒருவர், தேங்கிக் கிடக்கும் குடும்ப விசாக்களுக்காகப் பேசுவேன் என்றார். சுவரொட்டியில் போடச் சங்கத்தின் பெயரைக் கேட்டார். என் மனைவி அந்த விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள்.

நான் கார் தொழிற்சாலையில் கதவு பொருத்துகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கூட்டத்தில் வாய் திறந்ததே இல்லை. அன்று எழுந்தேன்.

"பேர்தானே கேக்கினம் அண்ணை. குடுத்தால் என்ன?"

"ஏலாது தம்பி."

"உங்கட மனுசி உங்க குசினியில தேத்தண்ணி ஊத்துறா. என்ர மனுசி ஊரில நிக்கிறா."

அவர் கை பட்ஜ் வரை போனது. கழற்றவில்லை.

"இண்டைக்குப் பேரைக் குடுத்தால், நாளைக்கு அவவின்ர பேப்பர் எழுத மேசை இராது. ஆனா கேள்வி கேக்கலாம். எல்லாரிட்டயும் ஒரே கேள்வி."

நான்கு வேட்பாளர்களுக்கும் ஒரே கடிதம் போனது: குடும்ப விசாக்களுக்கு என்ன செய்வீர்கள்? பெயர் கேட்ட எங்கள் ஆள் ஒரு தாள் நிறைய எழுதினார். இன்னொருவர் இரண்டு வரியில் வாழ்த்து அனுப்பினார். மற்ற இருவரும் மூச்சு விடவில்லை. பதில்களை மண்டப வாசலில் ஒட்டிய அண்ணை, அந்த இருவரின் பெயருக்குக் கீழே அதே அளவில் வெற்றுத்தாள் ஒட்டினார். அடிமட்டம் வைத்து அளந்து சரிபார்த்தார்.

"இது நக்கலெல்லே அண்ணை?"

"சங்கம் நக்கலடிக்காது. எல்லாருக்கும் சம இடம் குடுத்திருக்கு."

வந்தவர்கள் வெற்றுத்தாள்களின் முன்தான் அதிக நேரம் நின்றார்கள்.

வாக்களிப்பு நாளில் மழை. பள்ளிக்கூட வாசலில் தொப்பலாக நனைந்தபடி ஒருவர் எங்கள் ஆளுக்கு வாக்குக் கேட்கும் துண்டுச் சீட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் பட்ஜ் இல்லை.

"என்ன, சங்கம் மழையில நனையுது?" என்றேன்.

"சங்கம் வீட்டில மேசையில கிடக்கு. இது நான். பிடி சீட்டை!"

காலையில் வந்தவர் கதவு பூட்டும் வரை நகரவில்லை.

எங்கள் ஆள் வென்றார். அடுத்த வருடம் விசா வந்தது. அவரால் வந்ததா, மேசையால் வந்ததா, நான் ஆராயவில்லை.

விமான நிலையத்துக்கு அண்ணை பட்ஜுடன் வந்தார். "சங்கத்தின் சார்பில் நல்வரவு" என்று விறைப்பாகச் சொல்லி என் மனைவியிடம் பூங்கொத்தைக் கொடுத்தார். பிறகு திரும்பி நின்று, பட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அழத் தொடங்கினார்.