பிளைவுட் மதகு

உயர்ந்துவரும் கடலைப் பார்த்து உலக நாடுகளெல்லாம் மாநாடு கூட்டிக் கையைப் பிசைந்துகொண்டிருக்க, அந்தக் கடலை ஒரு புதன்கிழமை மத்தியானம், டீ வருவதற்குள் தடுத்து நிறுத்திய பெருமை, எங்கள் தீவின் துறைமுகமான ஹேடோவில் இரண்டாவது மாடியில் இயங்கும் எங்கள் 'கடலோர நலப் பிரிவு' அலுவலகத்தையே சேரும். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஃபைல் இருக்கிறது. தலைமை எழுத்தர் விஜயராஜ் ஆகிய நான்தான் அதற்கு நாடா கட்டினேன்.

வண்டூரில் நாகரத்தினம் என்ற அம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல். வயலுக்கும் உப்பு ஓடைக்கும் நடுவே மண்கரை, கரையில் ஒரு மதகு. கடல் ஏறும் நேரத்தில் மதகின் இரும்புக் கதவை இறக்கிவிட்டால் உப்புத்தண்ணீர் வயலுக்குள் வராது. கதவு துருப்பிடித்து உதிர்ந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் ஓடையோடு நின்ற அமாவாசைத் தண்ணீர், இப்போது பாதிக்கரை வரை ஏறுகிறதாம். அம்மாள் மனு கொடுத்தார். எங்கள் தீவில் எல்லா மனுவுக்கும் உரிய பதிலை நாங்களும் தாமதமின்றிக் கொடுத்தோம்.

"ஷிப் வரலைம்மா. கேட் சென்னையிலேர்ந்து வரணும்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க சார். வெங்காயம் வருது, டிவி வருது, ஃபிரிட்ஜ் வருது. என் கேட் மட்டும் நீச்சலடிச்சா வருது?"

இதுபோன்ற வாசகங்களை ஃபைலில் ஏற்ற விதியில்லை.

அந்த அம்மாளின் மகள் கவிப்ரியா, கல்லூரி மாணவி. காலநிலை மாற்றத்தைக் கலையால் எதிர்ப்பது என்று இப்போது ஒரு வியாதி பரவியிருக்கிறதல்லவா, அது அவளையும் அவள் தோழர்கள் மூவரையும் பிடித்துக்கொண்டது. ஹேடோ துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிகளின் பிளைவுட்டைப் பொறுக்கி வந்தார்கள். மதகு அளவுக்கு அறுத்து, ஆணி அடித்து, இரும்பு நிறம் பூசி, மரைகளும் கைப்பிடியும் நிழலோடு வரைந்தார்கள். கொண்டுபோய் மதகின் வாயில் நிறுத்தினார்கள். அடியில் சிவப்பு எழுத்தில், தமிழிலும் இந்தியிலும், 'இது படம். நிஜக் கதவு எங்கே?'

இரண்டே நாளில் அந்தப் படம் தீவில் இல்லாத செல்போன் இல்லை.

எங்கள் அதிகாரி துரைசாமி சார் என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா இது? மெயின்லேண்ட் வரைக்கும் மானம் போகுது. ஜீப்பை எடுக்கச் சொல்லு."

வண்டூரில் இறங்கியதும் நான் அசந்துபோனேன். முப்பது அடி தூரத்தில் அசல் கதவேதான். இதுவரை அசல் மதகுக்கதவு எதையும் பார்த்தறியாத துரைசாமி சாருக்கு ஒரு அடி தூரத்திலும் அப்படியே இருந்தது.

"க்யா பாத் ஹை!" என்று இந்தியில் மெச்சினார். "எப்பம்மா கேட் வந்துச்சு?"

"கேட் இல்ல சார், பிளைவுட்" என்றாள் கவிப்ரியா. "நீங்க போடலைன்னு காட்டத்தான் வரைஞ்சோம். கதிர் பால் பிடிக்குது சார். அடுத்த அமாவாசைக்குத் தண்ணி உள்ள வந்துச்சுன்னா மொத்தமும் போச்சு."

"அதாவது, எதிர்ப்புக் கலை! சபாஷ்! இளைஞர்கள்கிட்ட இதத்தான் எதிர்பார்க்கறோம். ஆனா ஒண்ணு. கீழ எதுக்கு எழுத்து? படமே பேசணும்மா."

"எழுத்துதான் சார் கேள்வி."

"அதான் எனக்குப் புரிஞ்சுபோச்சே! அழிச்சிடு. உனக்கு விருது தரேன். கேட்டும் சீக்கிரம் வந்துடும்."

கவிப்ரியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நாகரத்தினம் அம்மாள்தான் சொன்னார். "கேட் வருதுங்கறாரே புள்ள. அழிச்சு விடு, போ."

அவள் கேள்வியின் மேல் இரும்பு நிறம் பூசினாள். பெயின்ட் காய்ந்ததும் நான் புகைப்படம் எடுத்தேன்.

அலுவலகம் திரும்பியதும் துரைசாமி சார் ஆய்வுக் கூட்டம் நடத்தினார். கலந்துகொண்டவர்கள் அவரும் நானும்.

"போட்டோல என்ன தெரியுது?"

"மதகு சார்."

"கதவு?"

"இருக்கு சார்."

"திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"மூடியிருக்கு சார்."

"அப்ப மனு?"

"அதையும் மூடிடலாம் சார்."

'மதகுக்கதவு பொருத்தப்பட்டுவிட்டது. புகைப்படம் இணைப்பு' என்று எழுதி நிமிர்ந்தேன், டீ வந்தது. வண்டூரைப் பொறுத்தவரை கடல்மட்ட உயர்வு அந்த நிமிடத்தோடு முடிந்தது.

பத்தாம் நாள் கப்பல் வந்தது. பாருங்கள் கொடுமையை, அதில் கதவும் வந்துவிட்டது! நல்ல கனத்த இரும்பு. ஆனால் கதவு உள்ள மதகுக்கு இன்னொரு கதவு போட்டால் தணிக்கைக்காரன் சும்மா விடுவானா? நான் வியர்த்துப்போய் நின்றேன். துரைசாமி சார் கலங்கவில்லை. அலுவலகத்து முன்னாலிருக்கும் புல்தரையில் அதை நட்டு, நீலம் அடித்து, 'கடலே, நில்! காலநிலை விழிப்புணர்வுச் சிற்பம். தொடாதீர்' என்று பலகை வைக்கச் செய்தார். கவிப்ரியாவுக்கு 'பசுமைத் தூரிகை' விருதை அதன் முன்னிலையிலேயே தருவதாகவும் முடிவாயிற்று.

நாள் குறித்ததும் அவர்தான். "அமாவாசை வெச்சுக்கலாம்யா. நெறஞ்ச நாள். காலைல பத்து மணி."

அமாவாசைக் காலையில் கடலும் நிறைந்துதான் இருக்கும் என்பதை எழுத்தராகிய நான் எடுத்துச் சொல்வது முறையாகாது.

விழா சிறப்பாகத் தொடங்கியது. சால்வை போர்த்தினார்கள். கவிப்ரியாவின் கண் மட்டும் சிற்பத்தைவிட்டு நகரவில்லை.

"அங்கிள், இது எங்க கேட்தானே?" என்று என்னிடம் கேட்டாள்.

"சிற்பம்மா."

"மதகை அளந்து பிளைவுட் அறுத்தவ நான். அந்த அளவு எனக்குத் தெரியாதா?"

அதற்குள் அவள் போன் அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கே நாகரத்தினம் அம்மாளின் குரல் கேட்டது.

"பலகை பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு புள்ள! வயல் பூரா உப்புத்தண்ணி. கதிரு முங்கிடுச்சுடி!"

சால்வையை நாற்காலியில் எறிந்துவிட்டு அவள் வண்டூர் பஸ்ஸுக்கு ஓடினாள். துரைசாமி சார் மைக்கில், "இளைஞர்களோட வேகத்தைப் பாருங்க!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நாலாம் நாள் அம்மாள் நஷ்டஈட்டு மனுவோடு வந்தார். கதவு இருப்பதால் தண்ணீர் வந்திருக்க முடியாது, தண்ணீர் வராததால் நஷ்டமும் இல்லை என்று நான் பொறுமையாக விளக்கினேன். அவர் சத்தம் போடவில்லை.

"நீங்க போட்டோ எடுக்கறப்ப பலகையத் தட்டிப் பாத்தீங்க சார். நான் கரை மேலதான் நின்னேன். என்ன சத்தம் கேட்டுச்சு?"

ஃபைலைப் புரட்டினேன். புகைப்படத்தின் பின்புறம் நானே எழுதிய குறிப்பு: 'நேரில் தட்டிப் பார்த்தேன். இரும்புக் கதவு, உறுதியாக உள்ளது.' கீழே என் கையெழுத்து, தேதியோடு.

வண்டூரில் ஒன்றரை ஏக்கரைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்களாம். அபாண்டம். கடல், திறந்திருந்த வழியில்தான் வந்தது. வழி அடைத்தாயிற்று என்று எழுதியவன் நான்.